பிள்ளை ரக்பியைத் தொழிலாக்க நினைத்தால்: இங்கிலாந்தில் வழி எப்படிப் போகிறது

லெஸ்டர் நகரத்து ஓரத்தில் உள்ள ஒரு சின்ன ரக்பி கிளப்பில் ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இதற்குச் சம்பளம் கிடையாது. பெற்றோரும் பழைய ஆட்டக்காரர்களும்தான் இங்கே இந்த வேலையைச் செய்கிறோம். நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இப்போது ஒவ்வொருவராக வர ஆரம்பித்திருக்கிறார்கள். கூட வரும் அப்பா அம்மா கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இதையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறான் அண்ணா, இதுல ஒரு வாழ்க்கை இருக்கா?"

இருக்கிறது. ஆனால் குறுகிய வாழ்க்கை, நிச்சயமில்லாத வாழ்க்கை. 14 வயதில் ஒரு வடிகட்டல், 16இல் ஒன்று, 18இல் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் பெரும்பாலான பிள்ளைகள் வெளியே வருவார்கள். அப்படி வந்தவர்களில் சிலர் வேறு வழியாக உள்ளே போய் இங்கிலாந்து தேசிய அணியின் சட்டையும் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் நான் எல்லாரிடமும் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். யாரோ ஒருவர் "வேண்டாம்" என்றதற்காக ஆட்டத்தை விடாதீர்கள். யாரோ ஒருவர் "வா" என்றதற்காகப் படிப்பை விடாதீர்கள்.

முதலில், எந்த ரக்பி என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே இரண்டு உண்டு. 15 பேர் ஆடுவது யூனியன், 13 பேர் ஆடுவது லீக். இங்கே நான் சொல்வதெல்லாம் யூனியன் பற்றித்தான். வேலையை விட்டு ஆட வரும் தொழிலாளர்களுக்குக் கூலி இழப்பை ஈடுகட்டலாமா என்ற சண்டையில் 1895இல் இரண்டும் பிரிந்தன. யூனியன் அதற்குப் பிறகு நூறு வருஷம் சம்பளமில்லாத ஆட்டமாகவே இருந்தது. எங்கள் ஊர் லெஸ்டர் டைகர்ஸின் டீன் ரிச்சர்ட்ஸ் போலீஸ்காரராக இருந்துகொண்டே இங்கிலாந்துக்கு ஆடினார். ஜேசன் லெனார்ட் தச்சு வேலை பார்த்தவர். 1995 ஆகஸ்டில்தான் யூனியன் தொழில்முறை ஆட்டமானது. ஆக, இந்தத் தொழிலுக்கே வயது முப்பது சொச்சம்தான். இதன் அமைப்புகள் இன்னும் முழுசாக நிலைகொள்ளவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பதின்மூன்று வயது வரை

அகாடமி (பெரிய கிளப்பின் இளையோர் பயிற்சிக்கூடம்), ஏஜென்ட், ஸ்காலர்ஷிப் எதுவும் இந்த வயதில் தேவையில்லை. பக்கத்தில் இருக்கும் கிளப்பில் பதிவு செய்யுங்கள், போதும். இங்கிலாந்து ரக்பி சங்கமான ஆர்எஃப்யூவின் வயதுக் கணக்கு பள்ளிக்கூடக் கணக்கேதான், செப்டம்பர் 1இல் தொடங்கும். ஏழு, எட்டு வயதுப் பிரிவுகளில் இடுப்பில் கட்டிய நாடாவைப் பிடுங்கும் டேக் ரக்பி மட்டும். ஒன்பது வயதுப் பிரிவில் டேக்கிள் வருகிறது, அதாவது பந்தோடு ஓடுபவரைக் கட்டிப்பிடித்துத் தரையில் வீழ்த்துவது.

இந்த வயதில் உங்கள் பிள்ளை எத்தனை ட்ரை (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போட்டான் என்று எண்ணாதீர்கள். டேக்கிளை எப்படிக் கற்கிறான் என்று மட்டும் பாருங்கள். நாங்கள் டேக்கிள் சொல்லித்தரும்போது முதலில் பந்தே தருவதில்லை. இரண்டு பிள்ளைகளும் முழங்காலில் நிற்பார்கள். ஒருவன் மெதுவாகக் குறுக்கே நகர்வான். தடுப்பவன் கண்ணை மூடாமல், முதுகு வளையாமல் போய், தோளை அவன் தொடையின் மேல்பகுதியில் பதிக்க வேண்டும். தன் கன்னம் எதிராளியின் பின்பக்கத்தில் ஒட்ட வேண்டும். அதாவது தலை அவன் உடம்புக்குப் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் போகக் கூடாது. அப்புறம் இரண்டு கையும் தொடையைச் சுற்றிப் பூட்டு. தலை முன்பக்கம் போனால் ஓடிவரும் இடுப்பெலும்போ முழங்காலோ நேராக நெற்றிப்பொட்டில் மோதும். வலப்பக்கத் தோளில் சரியாகச் செய்யும் பிள்ளை இடப்பக்கம் வந்ததும் தலையைத் தப்பான பக்கம் வைப்பான். கிட்டத்தட்ட எல்லாருமே அப்படித்தான். அதனால் பலவீனமான தோளுக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுப்போம். உங்கள் கிளப்பில் பயிற்சியாளர் இதற்குப் பொறுமையாக நேரம் ஒதுக்குகிறாரா என்று ஓரமாக நின்று கவனியுங்கள். ஒதுக்கவில்லை என்றால் வேறு கிளப் பாருங்கள்.

தலைக்காயத்தைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் ஹூக்கர் என்ற முன்வரிசை இடத்தில் ஆடிய ஸ்டீவ் தாம்சனுக்கு நாற்பது சொச்சம் வயதிலேயே டிமென்ஷியா. அந்த இறுதிப் போட்டியில் ஆடியதே நினைவில் இல்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு விதிகள் நிறைய மாறியிருக்கின்றன. 2023 ஜூலை முதல் கிளப், பள்ளி அளவில் நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்கு மேலே டேக்கிள் செய்யக் கூடாது. கன்கஷன் (மூளை அதிர்ச்சி) என்று சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரர் வெளியே வர வேண்டும், அன்று திரும்ப இறங்கக் கூடாது. மறுபடி போட்டி ஆடக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும். மேல்மட்டத்தில் பல்காப்புக்குள்ளேயே சென்சார் வைத்து மோதலின் வேகத்தை அளக்கிறார்கள். ஆனால் உங்கள் கிளப் மைதானத்தில் சென்சார் கிடையாது, நீங்கள்தான் இருக்கிறீர்கள். பையன் "ஒண்ணுமில்லப்பா" என்று சொன்னாலும், கேள்விக்குப் பதில் சொல்லத் தாமதித்தாலோ, நடை தள்ளாடினாலோ, வெளியே கூட்டி வாருங்கள். முக்கியமான மேட்ச் என்பதெல்லாம் அப்போது கணக்கில் வரக் கூடாது.

பதினான்கு முதல் பதினாறு

இந்த வயதில்தான் தொழில்முறை கிளப்புகளின் கண் விழுகிறது. ஒவ்வொரு பெரிய கிளப்புக்கும் ஒரு அகாடமி, அதற்கென்று ஒரு வட்டாரம். பள்ளியும் கிளப்பும் பெயர் கொடுக்கும் பிள்ளைகளை அகாடமியின் இளையோர் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். பணம் கட்டிச் சேரும் இடமில்லை இது. பெற்றோர் போன் போட்டுச் சிபாரிசு கேட்டாலும் பலன் இல்லை. கிளப் பயிற்சியாளரிடம் "இவனைப் பற்றி உங்கள் கருத்து என்ன, அந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுப்பீர்களா?" என்று நேரடியாகக் கேட்கலாம். அதில் தப்பே இல்லை.

நம் வீடுகளில் இந்த இடத்தில் வரும் கவலை உயரம். "வெள்ளைக்காரப் பிள்ளைங்க மாதிரி வளர மாட்டானே." வளர வேண்டிய அவசியமும் இல்லை. பதினைந்து இடங்களுக்கும் ஒரே உடம்பு போதாது. ஒன்பதாம் எண் ஸ்க்ரம் ஹாஃப்புக்கும் பத்தாம் எண் ஃப்ளை ஹாஃப்புக்கும் பார்வையும் கையும் காலும்தான் முதல். மார்கஸ் ஸ்மித் மணிலாவில் பிறந்தவர், அம்மா பிலிப்பைன்ஸ்காரர், உயரம் 1.75 மீட்டர். அவர் இங்கிலாந்தின் பத்தாம் எண் ஆனார். இன்னொன்றும் பாருங்கள்: பதினாலு வயதில் மீசை வைத்துக்கொண்டு எல்லாரையும் இடித்துத் தள்ளும் பையன் சீக்கிரம் வளர்ந்தவன், அவ்வளவுதான். மற்றவர்கள் எட்டிப் பிடித்ததும் அவனிடம் பாஸ் இருக்காது, காலடி வித்தை இருக்காது. மெதுவாக வளரும் பிள்ளை அந்த இரண்டையும் கற்றுக்கொண்டே வளர்கிறான். டாமி ஃப்ரீமனை எங்கள் ஊர் அகாடமியே பதின்ம வயதில் விட்டுவிட்டது. அவர் மோல்டன் காலேஜுக்குப் போய், நார்தாம்ப்டன் செயின்ட்ஸில் நுழைந்து, 2024இல் மேல்மட்ட லீக்கான பிரீமியர்ஷிப்பை வென்று, 2025இல் பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் கூடி ஆடும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸுக்காக ஆடினார். அகாடமி விட்டுவிட்டது என்று அழுதுகொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இந்தப் பெயரைத்தான்.

பதினாறில் எங்கே படிப்பது

என் கருத்தில் பெற்றோர் எடுக்கும் முடிவுகளிலேயே கனமானது இதுதான். 16 வயதுப் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இ முடிந்ததும் பையன் எங்கே போகிறான் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த இரண்டு வருஷம் அவன் யாரோடு, எந்தத் தரத்தில் ஆடுவான் என்பது அமையும். தனியார் பள்ளிகளின் ரக்பி பலமானதுதான், ஸ்காலர்ஷிப்பும் உண்டு. ஆனால் ஸ்காலர்ஷிப் கழித்தும் மீதிக் கட்டணம் பெரிய தொகையாகவே நிற்கும். அதற்காகக் கடன் வாங்காதீர்கள். ரக்பித் திட்டம் உள்ள அரசு நிதிக் காலேஜுகள் இருக்கின்றன. க்ளாஸ்டர்ஷையரில் ஹார்ட்பரி, நார்தாம்ப்டன் பக்கத்தில் மோல்டன். 16 முதல் 18 வயது வரை அங்கே படிப்புக் கட்டணம் இல்லை. தங்குமிடம், உபகரணம், பயணம் ஆகியவற்றுக்குத்தான் செலவு, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிஸ்டலில் நோல் வெஸ்ட் என்ற ஏழ்மையான பகுதியில் வளர்ந்த எல்லிஸ் கெஞ்ச் ஹார்ட்பரியில் படித்தவர். பிறகு இங்கிலாந்தின் ப்ராப் (முன்வரிசையில் நின்று தள்ளுபவர்) ஆனார், அணித் தலைவராகவும் இருந்தார்.

காலேஜைப் பார்க்கப் போகும்போது மைதானத்தையும் ஜிம்மையும் காட்டுவார்கள், நன்றாகவே இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. முழுநேர பிசியோ இருக்கிறாரா? காயம்பட்ட பையனுக்குப் பாட அட்டவணை எப்படி மாறும்? போன வருஷம் முடித்தவர்கள் எங்கெங்கே போனார்கள்? ரக்பியில் போனவர்களை மட்டும் சொல்ல விடாதீர்கள். மற்ற எல்லாரும் என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இந்த வயதில் உடம்பு ஏற்ற வேண்டும் என்று பையன் பவுடர் டப்பா கேட்பான். ஊரிலிருந்து லேகியம் வரும், பாட்டி கொடுத்துவிட்ட சூரணம் வரும். எதையும் கொடுக்காதீர்கள். ஊக்கமருந்து விதி கறாரானது: உடம்பில் இருப்பதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு, தெரியாமல் சாப்பிட்டேன் என்பது விடுதலை தராது. லேகியத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் சோதித்துச் சான்று கொடுக்கவில்லை. பவுடர் வேண்டும் என்றே ஆனால் இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் சான்றுள்ள டப்பாவாக, அந்தத் தொகுப்பு எண் சோதிக்கப்பட்டதா என்று அவர்களின் தளத்தில் பார்த்து வாங்குங்கள். இருமல் மருந்துக்குக்கூட குளோபல் டிஆர்ஓ தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். மற்றபடி பருப்பும் முட்டையும் மீனும் தயிரும் சோறும் நேரத்துக்குச் சாப்பிட்டாலே அந்த வயதுக்குப் போதும்.

பதினெட்டில்

18 வயதுக்கு உட்பட்டோர் அகாடமியில் இருப்பவர்களில் சிலருக்கு மட்டுமே சீனியர் அகாடமி ஒப்பந்தம் கிடைக்கும். கிடைத்தால் அதுதான் முதல் சம்பளம். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வாரம் முழுக்க வேலை இருக்கும்: எடைப் பயிற்சி, இரு அணியும் தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரம், ஓரத்திலிருந்து எறியும் பந்தை உயரத்தில் பிடிக்கும் லைன்அவுட், வீடியோ பார்த்துத் தன் தவறுகளைப் பிரிப்பது, முதல் அணிக்கு எதிரணியாக நின்று பயிற்சி கொடுப்பது. ஆட்டம் வேண்டுமே, அதற்காக இரண்டாம் அடுக்கிலோ அதற்குக் கீழேயோ உள்ள கிளப்புக்குக் கடனாக அனுப்புவார்கள். பெற்றோருக்கு இது தள்ளிவிட்ட மாதிரித் தோன்றும். அப்படி இல்லை. குறிப்பாக ப்ராப் ஆட்டக்காரர்கள் முப்பது வயது ஆட்களோடு ஸ்க்ரம்மில் நின்றால்தான் தேறுவார்கள். ஜிம்மில் அதைக் கற்க முடியாது.

ஒப்பந்தம் கிடைக்கவில்லை என்றால் பல்கலைக்கழகம். இதை இரண்டாம் தரமாக நினைக்கவே நினைக்காதீர்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் பக்ஸ் சூப்பர் ரக்பி போட்டியில் லஃப்பரோ, டர்ஹம், எக்ஸிடர், பாத், ஹார்ட்பரி, கார்டிஃப் மெட் போன்ற அணிகள் ஆடும் தரத்தைத் தொழில்முறை கிளப்புகள் உட்கார்ந்து கவனிக்கின்றன. அலெக்ஸ் டாம்ப்ரண்ட் கார்டிஃப் மெட்டில் ஆடிக்கொண்டிருந்தவர். 2018இல் ஹார்லெக்வின்ஸ் எடுத்தது, 2021இல் பிரீமியர்ஷிப் வென்றார், அதே வருஷம் இங்கிலாந்துக்கும் ஆடினார். கையில் பட்டமும் இருக்கும், ஆட்டமும் இருக்கும். என் பையனாக இருந்தால், இரண்டும் வாய்ப்பாக வந்தாலும் இந்த வழியைத் தீவிரமாக யோசிக்கச் சொல்வேன்.

பெண் பிள்ளைகளுக்கு வழி கொஞ்சம் வேறு. பதினோரு வயதுப் பிரிவு வரை பையன்களோடு கலந்து ஆடலாம், அதன்பின் தனி அணி. மேலே பிடபிள்யூஆர் என்ற பெண்கள் லீக். 2019இல்தான் ஆர்எஃப்யூ 15 பேர் ஆட்டத்துக்காக 28 பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. 2025 செப்டம்பரில் ட்விக்கனமில் இங்கிலாந்து பெண்கள் கனடாவை 33-13 என்று வென்று உலகக் கோப்பையை எடுத்தபோது 81,885 பேர் நேரில் பார்த்தார்கள். அன்றைக்குப் பிறகு எங்கள் கிளப்பில் சிறுமிகளைக் கூட்டிவரும் அம்மாக்களிடம் "பொண்ணுக்கு எதுக்கு இது" என்ற தயக்கம் குறைந்திருக்கிறது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

ஒப்பந்தம் கைக்கு வந்தால்

மேல்மட்ட லீக்கில் இருப்பவை பத்தே கிளப்புகள். ஒரு சீசனில் ஒரு கிளப் ஆட்டக்காரர் சம்பளத்துக்குச் செலவிட உச்சவரம்பு 64 லட்சம் பவுண்டு, ஒரே ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் மட்டும் அந்தக் கணக்குக்கு வெளியே. அதை நாற்பது பேர் அளவில் பங்கு போட்டுப் பாருங்கள், அதிலும் நட்சத்திரங்கள் எடுத்தது போக இளையவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று தெரியும். கால்பந்து சம்பளத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வரக் கூடாது. வரம்பை மீறியதற்காக சரசன்ஸ் கிளப்புக்கு 50 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம், 2020இல் கீழ் அடுக்குக்கும் இறக்கப்பட்டது.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை வீட்டு மேஜையில் வைத்து வரி வரியாகப் படியுங்கள். சம்பள எண்ணை விட முக்கியமானவை பின்பக்கங்களில் இருக்கும். நீண்ட காயத்தில் விழுந்தால் எத்தனை மாதம் கழித்து கிளப் ஒப்பந்தத்தை முடிக்கலாம்? அதுவரை முழுச் சம்பளமா? அறுவைச் சிகிச்சையை வேறு மருத்துவரிடம் ஒரு முறை கேட்க உரிமை உண்டா? வாழ்க்கையையே முடிக்கும் காயத்துக்கு என்ன காப்பீடு? கடனாகப் போகும்போது யார் பொறுப்பு? ஏஜென்ட் வைத்தால் ஆர்எஃப்யூவில் பதிவு செய்தவரா என்று பாருங்கள், அவருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஆட்டக்காரர்களுக்கு ஆர்பிஏ என்ற சங்கம் இருக்கிறது. அதில் சேர்ந்து, அவர்களிடமும் ஒப்பந்தத்தைக் காட்டி ஆலோசனை கேளுங்கள்.

கிளப் நிற்குமா என்பதையும் கேட்க வேண்டிய காலம் இது. 2022இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ், 2023இல் லண்டன் ஐரிஷ் என்று மூன்று கிளப்புகள் பணமில்லாமல் விழுந்தன. வூஸ்டர், வாஸ்ப்ஸ் ஆட்டக்காரர்கள் சீசன் நடுவில் தெருவில் நின்றார்கள். வூஸ்டரில் இருந்த இளைஞர் ஃபின் ஸ்மித் நார்தாம்ப்டனுக்குப் போனார், 2024இல் சாம்பியன் ஆனார், 2025 பிப்ரவரியில் பிரான்ஸுக்கு எதிராகக் கடைசி நிமிஷ ட்ரைக்குப் பின் கன்வர்ஷன் என்ற கூடுதல் புள்ளி உதையை அடித்து இங்கிலாந்தை 26-25 என்று ஜெயிக்க வைத்தார். எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. அதனால் முதல் சம்பளத்திலிருந்தே ஆறு மாதச் செலவைத் தனியாக ஒதுக்கி வைக்கப் பழக்குங்கள். கார் வாங்குவது அதற்கு அப்புறம்.

இங்கிலாந்து சட்டை

நம்மவர்கள் அடிக்கடி கேட்பது பாஸ்போர்ட் பற்றி. ரக்பியில் தகுதி பாஸ்போர்ட்டால் வருவதில்லை. பையன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோர், தாத்தா பாட்டி யாராவது ஒருவர் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அவன் இங்கேயே தொடர்ந்து ஐந்து வருஷம் வாழ்ந்திருக்க வேண்டும். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு வந்த பிள்ளைக்குத் தடை இல்லை. இங்கிலாந்துத் தகுதி உள்ள ஆட்டக்காரர்களை இறக்கும் கிளப்புகளுக்கு ஊக்கத்தொகையும் உண்டு.

ஒரு கட்டத்தில் பிரெஞ்சு கிளப்புகள் கூப்பிடலாம், அங்கே சம்பளம் கூடுதல். ஆனால் விதிவிலக்கான சூழ்நிலை தவிர, வெளிநாட்டு கிளப்பில் ஆடுபவரை இங்கிலாந்து அணியில் எடுப்பதில்லை. வாஸ்ப்ஸ் விழுந்தபின் துலூஸுக்குப் போன ஜாக் வில்லிஸ் விதிவிலக்கில் 2023 வரை இங்கிலாந்துக்கு ஆடினார். 2024இல் அங்கே ஐரோப்பியக் கோப்பையே வென்றும், அந்த விதியால் இங்கிலாந்து அணியில் இடம் கிடைக்கவில்லை. இந்த முடிவைக் குடும்பம் அவனுக்காக எடுக்க வேண்டாம். இருபத்தைந்து வயது ஆணுக்கு வீட்டுக்கடனா தேசிய அணியா என்பதில் அவனுடைய கணக்கு அவனுக்குத் தெரியும்.

முப்பதுக்கு மேல்

லெஸ்டரின் பென் யங்ஸ் இங்கிலாந்துக்கு 127 முறை ஆடி, 35 வயதில் 2025இல் ஓய்வு பெற்றார். அவரோடு சேர்ந்து ஓய்வு பெற்ற டான் கோலுக்கு வயது 38. இவர்கள் இருவரும் விதிவிலக்கு. பலருக்கு முழங்காலோ தோளோ கழுத்தோ முப்பதுக்கு முன்னாலேயே கைவிட்டுவிடும். அப்போது கையில் என்ன இருக்கிறது என்பது இருபது வயதில் தொடங்கியதைப் பொறுத்தது. மாரோ இட்டோஜே சரசன்ஸுக்கு ஆடிக்கொண்டே லண்டனில் சோவாஸ் கல்லூரியில் அரசியல் படித்துப் பட்டம் வாங்கினார். அவர்தான் 2025இல் லயன்ஸ் அணித் தலைவர். படிப்பு ஆட்டத்தைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஹார்லெக்வின்ஸ் ஸ்க்ரம் ஹாஃப்பாக இருந்த கார்ல் டிக்சன் ஓய்வுக்குப் பிறகு சர்வதேச நடுவரானார். பள்ளிகளில் ரக்பி கற்பிப்பவர்கள், பிசியோக்கள், கணக்காளர்கள் ஆனவர்களும் உண்டு.

ஆர்பிஏவில் ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு தனிநபர் வளர்ச்சி மேலாளர் இருப்பார். படிப்பு, பயிற்சி, வேலை அனுபவம், பண நிர்வாகம் எல்லாவற்றுக்கும் அவரிடம் உதவி கேட்கலாம். மனம் சோர்ந்தால் பேசுவதற்கும் ரகசியமான உதவி எண் உண்டு. பையன் கையெழுத்துப் போட்ட முதல் மாதத்திலேயே அவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சந்திப்பில் "ஓய்வு நேரம் எந்தெந்த நாள், அதில் எந்தப் படிப்பைத் தொடங்கலாம்?" என்று கேட்டால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.